எண்ணியது நான், பேசியது சித்தி

நன்னூல் பாயிரத்தில் ஒரு விதி இருக்கிறது. எவ்வளவு அரிய நூலைச் செய்து முடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியில்லை. பவணந்தி முனிவர் கறாரான ஆள்தான். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே இளகிவிடுகிறார். நான்கு இடங்களில் தற்புகழ்ச்சிக்கு அனுமதி உண்டு: அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, சபையில் வாதாடி வெல்ல வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. 1993-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு நான் மல்லாங்கிணற்றிலிருந்து கிளம்பியபோது அப்பா இதைத்தான் சொல்லி அனுப்பினார். அவர் திருச்சபைத் தொடக்கப்பள்ளி வாத்தியார். "நீ போற எடம் அந்த ரெண்டாவது எடம், தாயி. ஒன்னைய அவுகளுக்குத் தெரியாது. தெரியாதவுக கேட்டாச் சொல்லலாம், தப்பில்ல."

இலக்கணம் அனுமதித்துவிட்டது, வளர்ப்பு அனுமதிக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண்பிள்ளையிடம் "என்ன செஞ்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் மரியாதையான பதில். அம்மா வைத்த குழம்பை யாராவது மெச்சினால் "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்பாள். கூடியிருக்காது. பக்கத்து வீட்டு மதினி ஒற்றையாளாக நின்று ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றியவர். கேட்டால் "அதுகளா வளந்துச்சுக" என்பார். இப்படிப்பட்ட தெருவில் வளர்ந்துவிட்டு, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து, அதுவும் இங்கிலீஷில், "என் சாதனை என்னவென்றால்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

மல்லாங்கிணறு விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் இருக்கிறது. கரிசல் மண், பருத்தி, மல்லி, மிளகாய். தமிழச்சி தங்கபாண்டியனின் கவிதைகளாலும் அவர் தம்பி, அமைச்சராக இருந்த தங்கம் தென்னரசுவாலும் ஊர்ப்பெயர் இன்று பலருக்குத் தெரியும். அன்றைக்கு விண்ணப்பத்தில் "காமராசர் மாவட்டம்" என்று எழுதினால், அது எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்த புது மாவட்டம், விருதுநகர் மாவட்டம் என்ற பேரெல்லாம் பிறகு வந்தது. "சிவகாசிப் பக்கம்" என்று சொன்னால் போதும். உடனே எதிரிலிருப்பவர் முகம் ஒரு மாதிரி இரக்கமாகிவிடும். குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்துக்கொண்டிருந்த காலம். விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் கதை எல்லோருக்கும் தெரியும். அது பொய்யுமில்லை. ஆனால் அந்த இரக்கத்தைப் பார்த்த பிறகு, அதற்குத் தீனி போடுகிற மாதிரி ஏதாவது சொல்லலாமே என்று ஓர் ஆசை வரும் பாருங்கள், அது பொல்லாதது.

வேலூருக்குத் திருவள்ளுவர் பஸ்ஸில் இரவெல்லாம் போனேன். கல்லூரி, ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குள் இல்லை. தள்ளி, பாகாயத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. அதன் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருந்தேன். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து மிஷனரியின் மகள் ஐடா ஸ்கடரிடம் பிரசவத்துக்கு உதவி கேட்டது, ஆண் டாக்டரான அவள் அப்பாவை உள்ளே விடமாட்டோம் என்றது, மூன்று பெண்களும் செத்தது, அதன் பிறகு அவள் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கியது. 1918-இல் அவர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தபோது முதல் ஆண்டே 151 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஆண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது 1947-இல்தான். ஞாயிறு பள்ளியில் சொல்லாத ஒன்று எனக்குப் பிறகுதான் தோன்றியது: அந்த 151 பேரிலிருந்து பொறுக்கியெடுக்க ஐடாவும் யாரையாவது உட்காரவைத்து ஏதாவது கேட்டிருப்பார்தானே. என்ன கேட்டிருப்பார்?

எங்கள் காலத்தில் முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு வளாகத்திலேயே மூன்று நாள் நேர்காணல். நேர்காணல் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது மட்டுமில்லை. குழுவாகப் பிரித்து வேலை கொடுப்பார்கள், சுற்றி நின்று பார்ப்பார்கள், கையில் தாள் வைத்துக் குறித்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவுவதைக்கூடக் கவனிக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. அதனால் அந்த மூன்று நாளும் அங்கே தட்டுகள் பளபளத்தன. மொத்தம் 60 இடம். என்னைப் போல் திருச்சபை பரிந்துரைக் கடிதத்தோடு வந்தவர்கள் நிறையப் பேர். படித்து முடித்து இரண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் குழுவில் மிஷன் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பையன் இருந்தான். அப்பா, அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். அவனுக்கு "உன் சாதனை என்ன?" என்பது சாப்பாட்டு மேசையில் தினம் கேட்கும் கேள்வி. மலையேறியது, முதலுதவி முகாம் நடத்தியது, பியானோவில் தேர்வு எழுதியது எல்லாம் தடையில்லாமல் வந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நல்ல பையன்; நல்ல டாக்டராகவும் ஆனான். அவன் சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால் சொல்லிச் சொல்லிப் பழகிய உண்மை. என்னிடம் இருந்தது பழகாத உண்மை.

பழகியதாக ஒன்றைத் தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி, தலைப்பு காமராசரின் மதிய உணவுத் திட்டம், முதல் பரிசு, எவர்சில்வர் குடம். விருதுநகரில் பிளஸ் டூ இங்கிலீஷ் எடுத்த டீச்சர் அதை ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, தலைமைப்பண்பு என்று எல்லாம் வரும். பஸ்ஸில் மனப்பாடம் செய்தபடியே போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஒரு பெரியவர், பக்கத்தில் திருச்சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், இந்தப் பக்கம் நரைத்த கொண்டை போட்ட ஒரு டாக்டரம்மா. கேள்வி வந்ததும் குடத்தைக் கொட்டினேன். தலைமைப்பண்பு வந்தபோது பெரியவரின் கண் தாளுக்குப் போய்விட்டது. எத்தனை குடங்களைப் பார்த்திருப்பார் பாவம். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மடியில் கோத்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வடாற்காட்டுத் தமிழில், "விரல்ல என்னம்மா அது, பச்சையா?" என்றார்.

மயில்துத்தம். கிளம்புவதற்கு முந்தைய நாள் வரை தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சிவகாசிக்காரர்கள் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமாயணக் கதை மாதிரி தெரியும். அந்தத் தொழில் சுற்றுப்பட்டு கிராமங்களின் திண்ணைக்கு வந்தபோது அதற்கு வீட்டுவேலை என்று பேர். மெல்லிய மரச்சீவல் கட்டும் தாளும் ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். மைதாப் பசை காய்ச்சி, எலியும் பூச்சியும் தின்னாமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்போம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தெருவில் எல்லாத் திண்ணையிலும் பெட்டி ஒட்டுவார்கள். பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144 பெட்டி.

ஆனால் யாரும் 144 எண்ணி வாங்குவதில்லை. ஏஜென்ட் ஒரு கூடை வைத்திருப்பார். கூடை நிறைந்தால் ஒரு குரோஸ். பிறகு அதில் பசை விட்டது, மூலை பிரிந்தது என்று பார்த்துக் கழிவைத் தனியாகக் கழிப்பார். பத்தாம் வகுப்புப் பரீட்சை லீவில், சும்மா இருக்கிற பிள்ளை என்று, தெருவுக்கே கூலிக்கணக்கு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. எழுதும்போதுதான் கூடையின் மேல் சந்தேகம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். 144-க்கு மேல் இருந்தது. பெட்டி லேசாக அமுங்கியிருக்கும், அதனால் கூடியிருக்கும் என்றார்கள். சரி என்று இன்னொரு வீட்டுப் பெட்டியைப் போட்டு எண்ணினேன், வேறொருத்தரை விட்டு எண்ணச் சொன்னேன், அவர் சொன்ன எண்ணை என் எண்ணைப் பார்க்காமல் எழுதச் சொன்னேன். கூடைக்கு ஏறக்குறைய ஒரு டஜன் கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது. கழிவு அதற்கு மேல்.

இதை நான் டாக்டரம்மாவிடம் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னேன். சாதனை என்று சொல்லவில்லை. விரல் ஏன் பச்சை என்று கேட்டார், அதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். பெரியவர் தாளிலிருந்து நிமிர்ந்துவிட்டார். "ஏன் இன்னொருத்தரை எண்ணச் சொன்னாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நான் எண்ணினா எனக்கு வேண்டிய எண் வந்துரும்னு பயம் சார்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். கதை நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுந்திருக்கத் தயாராகிவிட்டேன். டாக்டரம்மா விடவில்லை. "அப்புறம் என்ன ஆச்சு?"

அப்புறம் ஆனதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் சொல்ல மாட்டார்கள். நோட்டைக் காட்டியதும் ஏஜென்ட் கோபப்படவில்லை. "இஷ்டமிருந்தா ஒட்டுங்க, இல்லேன்னா விடுங்க" என்று சொல்லிவிட்டு, மரச்சீவல் கட்டைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். எங்கள் தெருத் திண்ணைகள் காலியாகிவிட்டன. மழையில்லாத வருஷம், காட்டுவேலையும் கிடையாது. "படிச்ச பிள்ள எண்ணுறேன்னு சொல்லி வந்த சோத்தைத் தட்டி விட்டுட்டா" என்று என் காதுபடவே சொன்னார்கள். அம்மா தண்ணிக்குப் போன இடத்தில் யாரும் பேசவில்லை.

சரிப்படுத்தியது சித்தி. அம்மாவின் தங்கை, கைநாட்டு. அவர் அவசரப்படவில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஒட்டிய பெட்டி மூலை பிரிகிறது, கம்பெனியில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று காதில் விழும்வரை சும்மா இருந்தார். விழுந்ததும் ஏஜென்ட் வீட்டுக்குப் போனார். நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை, அதில் இருந்த எண்ணை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டு போனார். "ஒங்க கூடைய மாத்த வேணாம்ணே. கூடைய அளந்துட்டு, ஒரு தடவ எண்ணியும் பாத்துக்கிருவோம். ஒங்க ஆளும் எண்ணட்டும், எங்க ஆளும் எண்ணட்டும். கழிவுக்குன்னு குரோசுக்கு ரெண்டு பெட்டி கூடவே தர்றோம், அதுக்கு மேல கழிக்காதிய." அவருக்கும் மானம் போகவில்லை, நல்ல பெட்டியும் கிடைத்தது. அடுத்த வாரம் கட்டு வந்து இறங்கியது.

"அப்படின்னா இது யாருடைய சாதனை?" என்று அதுவரை பேசாமலிருந்த திருச்சபைக்காரர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"எண்ணினது நான். பேசினது சித்தி. நான் எண்ணாம இருந்தா சித்திக்குப் பேசுறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

"சித்தி பேசாம இருந்தா?"

"நோட்டு பழைய பேப்பர்காரன்கிட்டப் போயிருக்கும் சார்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு வரச் சொல்லவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் பதிலுக்காகத்தான் கிடைத்ததா என்பது வேறு விஷயம். எழுத்துத் தேர்வு மதிப்பெண் இருந்தது, திருச்சபைக் கடிதம் இருந்தது, மற்ற இரண்டு நாள் வேலைகளும் இருந்தன. ஆனால் பிறகு எத்தனையோ வருஷம் வார்டில் நின்றபோது, இரத்த அழுத்தத்தை நர்ஸ் ஒருமுறை பார்த்த பிறகும் நான் அவர் எண்ணைப் பார்க்காமல் மறுபடி பார்க்கும்போதெல்லாம், பெரியவரின் அந்தக் கேள்வி ஞாபகம் வந்திருக்கிறது. அவர் என்னிடம் எதைத் தேடினார் என்பது வேலைக்கு வந்த பிறகு புரிந்தது.

நான் கண்டது இவ்வளவுதான்: நேர்காணலில் சாதனை என்று சொல்லப்படுவது சொல்பவரிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி கேட்பவரின் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அன்று விரலைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இல்லாமலிருந்தால் நான் குடத்தோடு வந்து குடத்தோடு போயிருப்பேன்.

ஆகவே நேர்காணலைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ எனக்கு வாய் வராது. நம் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவை, உடல்வலு, பொதுத்திறன், நாட்டம் என்று தலைப்புகள் போட்டு, 275-இல் 75 மதிப்பெண் அதற்கு. பெரியகருப்பன் என்ற மாணவர் பேரில் போன வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்து மேய்ந்தது. நேர்காணலுக்கு 75 என்பது அதிகம், அதையும் தலைப்பு வாரியாகப் பிரித்துப் போடாமல் மொத்தமாகப் போட்டது தவறு என்றது. பத்தாண்டு கழித்து ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், இரண்டு மூன்று நிமிடம் உட்காரவைத்து அப்பா யார், ஊர் எது என்று கேட்டு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போடுவது என்ன நியாயம் என்று கேட்டது. 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் சொன்னது. அப்பா யார், ஊர் எது. இரண்டாவது கேள்வியே கேட்கத் தெரியாத மேசைகள் அப்படித்தான் இருக்கும். மொத்தமாகப் போடும் மதிப்பெண் சிபாரிசுக்குத் திறந்துவைத்த பின்வாசல்.

சிபாரிசே இல்லாத இடத்திலும் இது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1979-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஹூஸ்டன் மருத்துவப் பள்ளியைக் கூடுதலாக 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. மாணவர் தேர்வெல்லாம் முடிந்துபோன நேரம். நல்ல பிள்ளைகள் வேறு இடம் போய்விட்டார்கள். நேர்காணலில் கீழே தள்ளப்பட்டவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. படிப்பு முடிந்து முதல் ஆண்டுப் பயிற்சிவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் பொறுக்கியவர்களுக்கும் பிறகு அள்ளியவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நேர்காணல் மேசையில் உட்காருகிற யாரும் இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2004 வாக்கில் ஒரே நேர்காணலைச் சின்னச் சின்னதாக உடைத்து, பல அறைகளில் பலர் தனித்தனியாக மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் எழுதுவது. கூடைக் கணக்கு எங்கே போனாலும் இப்படித்தான் தீரும் போல.

வேலூரில் இப்போது அந்த மூன்று நாள் இல்லை. நீட் கட்டாயமான 2017-இல், தங்கள் முறையை விட முடியாது என்று கல்லூரி அந்த ஆண்டின் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றே ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதைக் காலியாக வைத்தது. 2020 ஏப்ரலில் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. நீட் தாளுக்கு விரல் தெரியாது. அப்பா யார் என்றும் அது கேட்காது என்பார்கள். நேரடியாகக் கேட்பதில்லைதான், பயிற்சி மையத்தின் ஃபீஸ் ரசீது வழியாகக் கேட்டுவிடுகிறது. எனக்கு இரண்டின் மேலும் வழக்கு உண்டு. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அதற்கு முன்பே வந்திருந்தது. எங்கள் தெருவுக்கு இந்த இரண்டும் சேர்ந்து செய்யப்போவது, என்னைப் பொறுக்கிய அந்த மேசை செய்ததைவிடப் பெரிது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தபோது வீடியோவில் எனக்குப் பாடம் எடுத்தாள். அங்கே நேர்காணல் உண்டு, அதற்குத் தனிப் பயிற்சியும் உண்டு. எந்தச் சாதனையையும் சூழல், பணி, செயல், விளைவு என்று நான்கு பகுதியாக அடுக்க வேண்டுமாம். "அத்தை, உங்க தீப்பெட்டிக் கதைய அதுல போட்டுப் பாப்போம்" என்று உட்கார்ந்தாள். சூழல் சரியாக உட்கார்ந்தது. பணி, செயல் இரண்டும் உட்கார்ந்தன. விளைவு என்று வந்தபோது அவளுக்குச் சித்தி இடைஞ்சலாக இருந்தார். "இந்தப் பாட்டி வந்ததும் உங்க மார்க் குறையுதே. இவங்கள எடுத்துருவோமா?" என்றாள். எடுத்தால் திண்ணை காலியானதும் கூடவே போய்விடும். அவளுக்கு அப்போதே இடம் கிடைக்கும் போலிருந்தது, கிடைத்தும்விட்டது. அவள் சொல்வதில் தப்பில்லை, விளையாட்டின் விதி அது. எனக்குத்தான் அந்த நான்கு பகுதிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது.

எழுதிக்கொடுத்த இரண்டு வருஷத்துக்குப் பிறகும் நான் மிஷன் ஆஸ்பத்திரிகளிலேயே இருந்துவிட்டேன். அப்படி ஓர் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளிக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளைத் தேர்வு செய்வோம். படிவத்தில் "சாதனை" என்று பத்து மதிப்பெண். பெரும்பாலான பிள்ளைகள் ஓட்டப்பந்தயச் சான்றிதழை நீட்டுவார்கள். ஒரு வருஷம் சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். அம்மா பட்டாசு ஆலையில் வேலை. இரக்கப்படத் தயாராக எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டோம். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சாதனை என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மேடம்."

எனக்கு அந்தப் பதில் எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியும். "சரி, ஊர்ல ஒன்னைய எதுக்குத் தேடி வருவாக?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அடிபம்பு ரிப்பேருக்கு, மேடம்."

ஊரிலிருந்த மார்க் டூ பம்பு அடிக்கடி நின்றுவிடுமாம். ஒன்றியத்திலிருந்து மெக்கானிக் வர வாரமாகும். அவர் வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மேல் தலையைத் திறந்து செயினுக்குக் கிரீஸ் போடுவது, அறுந்தால் மாற்றுவது, கைப்பிடி ஆடினால் போல்ட்டை முடுக்குவது. ஸ்பானர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். குழாயை வெளியே இழுக்கிற வேலை என்றால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும், மேலே உள்ளதென்றால் அவளே. எது மேலே உள்ள கோளாறு, எது கீழே உள்ள கோளாறு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கைப்பிடிய அடிச்சா தெரிஞ்சுரும் மேடம். லேசாப் போனா கீழ ராடு விட்ருச்சு. கடகடன்னா மேல." கையால் தட்டிப் பார்த்து உள்ளே என்னவென்று சொல்ல நாங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் பாடம் எடுக்கிறோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிர்வாகத்துக்காரர், "இதுக்கும் நர்சிங்குக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்? சர்டிஃபிகேட் ஏதாச்சும் இருக்கா?" என்றார். அடிபம்புக்குச் சான்றிதழ் கிடையாது. நான் பத்துக்கு ஒன்பது போட்டேன். அவர் பூஜ்யம் போட்டார். மூன்றாவது ஆள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஐந்து போட்டார். எண்ணைப் பார்க்காமல் போட வேண்டும் என்று நான் கொஞ்ச நேரம் சண்டை பிடித்தேன், எடுபடவில்லை. சராசரி போட்டார்கள். பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயராக அவள் உள்ளே வந்தாள், அடுத்த வருஷப் படிவத்திலிருந்து அந்தக் கேள்விக்குக் கீழே "சான்றிதழ் இருந்தால் இணைக்கவும்" என்ற வரியை நான் அடித்துவிட்டேன்.